தண்ணீர் ஊற்றாத காகிதப்பூ

சுங்கை கெலாம் தோட்டம்,
கோலசிலாங்கூர்.
10 செப்டம்பர் 2024

என் அன்பு அக்காவுக்கு,

மேகி எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் லூகாசும் சுகமாக இருக்கிறோம். கேமரன் மலைக் குளிர் உன் முட்டிவலியை என்ன செய்கிறது? மடத்தில் மதருக்கும் மற்ற சிஸ்டர்மாருக்கும் என் தோத்திரத்தைச் சொல்.

ஒரு விசேஷம். வீட்டுக்குப் பின்னால் மண்டிக் கிடந்த லாலாங் புல்லை வெட்டிவிட்டுப் பூந்தோட்டம் போட்டிருக்கிறேன். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். என்னோடு மருந்து அடிக்கிற லோகேஸ்வரியும் சிரித்தாள். "நாள் முழுக்கத் தோட்டத்துல கெடந்து சாகறது பத்தாதா, வீட்டுலயும் தோட்டமா லா?" என்றாள். எட்டு வருஷமாக முதுகில் களை மருந்துப் பம்பைக் கட்டிக்கொண்டு செம்பனை மரத்தடியில் புல்லைச் சாகடித்துக்கொண்டிருக்கிறேன். எதையாவது பிழைக்க வைத்துப் பார்க்கலாமே என்று ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

குண்டுமல்லி, செம்பருத்தி, ஒரு வரிசை கனகாம்பரம், வேலியோரத்தில் காகிதப்பூ. பழைய சாய டின்களில் ரோஜா. லூகாஸ், தான் ஓட்டுகிற செம்பனைப் பழக்குலை லோரியை நிறுத்திவிட்டு, மீன்பிடிக் கரையான பாசிர் பெனம்பாங் வரை போய் ஒரு வாளி மீன் கழிவு கொண்டுவந்தார். அதை எருவாகப் புதைத்ததிலிருந்து லயத்து வரிசை வீட்டுப் பூனைகள் எல்லாம் என் வீட்டில்தான் குடியிருக்கின்றன. கிறிஸ்துமஸுக்குக் கோவில் வாசல் மாதா கெபியில் என் வீட்டுப் பூதான் இருக்க வேண்டும்.

ஆனால் மல்லி மொட்டு வைக்க மாட்டேன் என்கிறது. வெறும் இலை. எனக்குக் கை ராசி இல்லையோ? இரண்டு தடவை வயிற்றில் வந்ததும் தங்காமல் போய்விட்டது. செடியாவது தங்குமா என்று பயமாக இருக்கிறது. நீ மடத்துத் தோட்டத்தைப் பார்க்கிறவள், வழி சொல்லு.

உன் தங்கை,
மேகி


அடைப்பு மடம்,
கேமரன் மலை.
24 செப்டம்பர் 2024

அன்புள்ள மேகிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

மல்லியைப் பற்றிக் கேட்டாய். கத்தரிக்கோலை எடு, பாதிக்கு வெட்டு. இரக்கம் பார்க்காதே. நீ எதையும் வெட்ட மாட்டாய், சின்னப் பிள்ளையில் முடி வெட்டக்கூட அழுதவள். வெட்டினால்தான் புதுக் கிளை வரும், புதுக் கிளையில்தான் மொட்டு வரும். மீன் கழிவை இனிமேல் ஆழமாகப் புதை. காகிதப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றாதே. அதைப் பட்டினி போட்டால்தான் பூக்கும், கவனித்தால் இலையாக வளர்ந்து உன்னை ஏமாற்றும்.

கை ராசி என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. வெயில், மண், தண்ணீர். இந்த மூன்றில் எதுவோ சரியில்லை என்றால் செடி சாகும். அதற்கும் உன் வயிற்றுக்கும் முடிச்சுப் போடாதே. உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

லூகாசுக்கு என் ஆசீர்.
ரோசரி


கோலசிலாங்கூர்
10 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

சுகந்தானே? இங்கே மழையான மழை. லயத்து வாசலெல்லாம் சேறு. நான் சுகமா என்று கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை, கடைசியில் சொல்கிறேன்.

நீ சொன்னபடி வெட்டினேன். வெட்டிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது மல்லி பூத்துக் குலுங்குகிறது, அக்கா. சாயங்காலம் பின்கதவைத் திறந்தால் வீடு முழுக்க வாசம். வேலையிலிருந்து வந்த லூகாஸ், "யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். ஆனால் மழையில் ரோஜா இரண்டு வேர் அழுகிப் போயிற்று. நத்தைகள் கனகாம்பரத்தை மொட்டையடித்துவிட்டன. டார்ச் அடித்துப் பொறுக்கிப் பொறுக்கி உப்பு வாளியில் போடுகிறேன்.

இப்போது சொல்கிறேன். நாள் தள்ளிப் போயிருக்கிறது. மூன்றாவது மாதம். லூகாசையும் உன்னையும் தவிர யாருக்கும் தெரியாது. போன தடவை ஊரெல்லாம் சொன்னேன், சொன்ன வாரமே போய்விட்டது. இந்தத் தடவை வாயைத் திறக்க மாட்டேன். கண் பட்டுவிடும்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

மேகி


கேமரன் மலை
18 நவம்பர் 2024

என் கண்ணே மேகிக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டுக் கோவிலில் போய் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம். ஆனால் நீ ஒன்றை எழுதவில்லை, அது என் கண்ணில் படாமல் போகுமா? யாருக்கும் தெரியாது என்றால் உனக்கு வேலை கொடுக்கிற மண்டோருக்கும் தெரியாது. மண்டோருக்குத் தெரியாது என்றால் நீ இன்னும் பம்பைத் தூக்கிக்கொண்டு போகிறாய்.

பம்பை இறக்கு. நாளைக்கே போய்ச் சொல். கண் படும் என்று பயந்துகொண்டு மருந்தைச் சுவாசிக்கிறாயே, உனக்குப் புத்தி எங்கே போயிற்று? வயிற்றில் பிள்ளை இருக்கிறவளை மருந்து வேலைக்கு அனுப்பக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம், மதர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடுப்பைத் தனியாகத் துவை.

டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. எங்கள் மடத்து ஒழுங்கு உனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வந்ததைப் பிரிப்பதுமில்லை. மதர் அறையில் ஒரு தட்டில் கிடக்கும், கிறிஸ்துமஸ் பண்டிகையன்று கையில் கொடுப்பார்கள். அதற்குள் ஒரு வரி எழுதிவிடு.

உன் அக்கா
ரோசரி


கோலசிலாங்கூர்
27 டிசம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

பிறந்த பாலகன் உன்னையும் மடத்தாரையும் காக்கட்டும். நீ கேட்ட ஒரு வரியை எழுதாமல் விட்டதற்குத் திட்டாதே. எழுதத் தைரியம் வரவில்லை, வேலையை விட்ட பிறகுதான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

மண்டோர் அர்ஜுனனிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, இத முன்னாடியே சொல்லக் கூடாதா? என்னையும் பாவத்துல மாட்டி வெக்கிறியே. நாளையிலேருந்து நர்சரிக்குப் போயிடு" என்றார். இப்போது செம்பனை நாற்றுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. நிழல் உண்டு, மருந்து கிடையாது. நீ இனித் தூங்கலாம்.

கிறிஸ்துமஸ் அன்று மாதா கெபி முழுக்க என் மல்லியும் கனகாம்பரமும்தான். சாமியார் பூசை முடிந்து, "யாருடைய கைவேலை?" என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ அசைந்தது. இது வரை இவ்வளவு தூரம் வந்ததில்லை, அக்கா.

மேகி


கேமரன் மலை
12 ஜனவரி 2025

அன்புள்ள மேகிக்கு,

உன் கடிதம் புது வருஷத்துப் பரிசு. இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இனிமேல் வெயில் காலம். செடிக்குக் காலையிலேயே வேரில் ஊற்று, மத்தியானம் ஊற்றாதே. அடியில் காய்ந்த ஓலையைப் பரப்பு. அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டாதே, மல்லிக்கு விடு. ஈஸ்டருக்கும் உன் வீட்டுப் பூதான் போக வேண்டும். தவக்காலம் முழுக்கப் பீடத்தில் பூவே வைக்க மாட்டார்கள். அன்றைக்கு வைக்கிற பூவுக்குத்தான் மதிப்பு.

மார்ச் தொடக்கத்திலேயே திருநீற்றுப் புதன், அன்றிலிருந்து ஈஸ்டர் வரை தவக்காலம், கடிதத்துக்கு அதே ஒழுங்குதான். அதற்குமுன் எழுது. தாய் தகப்பனுக்கு நோய் என்று சலுகை கேட்டுக் கடிதத்தை முன்கூட்டியே பிரிக்கிற சிஸ்டர்மார் இங்கே உண்டு. நான் பதினாறு வருஷத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

கிளினிக்குக்குத் தவறாமல் போ.

ரோசரி


கோலசிலாங்கூர்
1 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

நீ சுகமாக இரு. நானும் வயிறும் இருக்கிறோம். இது புதன்கிழமைக்குமுன் உன் கைக்கு வருமோ வராதோ, தெரியவில்லை. வராவிட்டால் ஈஸ்டருக்குப் படித்துக்கொள்.

குழாயில் தண்ணீர் வருவதே பெரிய பாடாக இருக்கிறது. ராத்திரியில் கொஞ்ச நேரம் வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. என் அவஸ்தையைப் பார்த்து லூகாஸ், மருந்து ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த பீப்பாய் மாதிரிப் பெரிய நீலத் தோங் ஒன்றை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தோம். நல்ல தோங், ஒரு வாளி இரண்டு வாளியா, முழு வீட்டுக்கும் போதும். குளிக்க, சமைக்க, செடிக்கு ஊற்ற, எல்லாம் அதிலிருந்துதான். குடிக்கிறதைக் கொதிக்க வைக்கிறேன், பயப்படாதே.

அக்கா, மல்லி சாகிறது. முதலில் கொழுந்து வெளுத்தது, இப்போது புது இலை நூல் மாதிரி ஒல்லியாக, முறுக்கிக்கொண்டு வருகிறது. செம்பருத்தி மொட்டு விரியாமலே உதிர்கிறது. பூச்சி இல்லை. நீ சொன்னபடி காலையில்தான் ஊற்றுகிறேன், ஓலை பரப்பியிருக்கிறேன். என்ன குற்றம் செய்தேன்?

போன் போட்டால் மதர் எடுப்பார். மதரிடம் என்னவென்று சொல்வது, செடி வாடுகிறது என்றா? லூகாசிடம் சொன்னால், "செடிதானே, வேற வெச்சிக்கலாம்" என்கிறார். இவருக்கு எங்கே புரியும்? அது என் கையில் சாகிறது.

மேகி


கோலசிலாங்கூர்
19 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

நீ இதைப் படிக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தவக்காலத்தில் உனக்கு நான் எழுதியதே இல்லை. மனசு கேட்கவில்லை.

மல்லி முடிந்தது. கனகாம்பரம் வரிசையோடு போயிற்று. ரோஜாவில் குச்சிதான் மிச்சம். பயந்து பயந்து இரண்டு வேளை ஊற்றுகிறேன், ஊற்ற ஊற்றச் சாகிறது. வேலியோரத்துக் காகிதப்பூ மட்டும் பூத்துக்கொண்டு நிற்கிறது. நான் தொடாதது அது ஒன்றுதான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அதைப் பார்க்கவே எனக்கு ஆகவில்லை. நான் தொடாவிட்டால் பிழைக்கிறது, தொட்டால் போகிறது என்றுதானே அர்த்தம்?

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி வயிற்றை அளந்து பார்த்துவிட்டு, பிள்ளை மாதத்துக்குத் தக்கபடி வளரவில்லை என்றார். "நல்லா சாப்பிடுங்க, தண்ணி நெறைய குடிங்க" என்றார். குடிக்கிறேன். எனக்கு அடிக்கடி குமட்டுகிறது. ஏழாம் மாதத்தில் குமட்டுமா? நேற்று முழுக்கப் பிள்ளை சரியாக உதைக்கவில்லை. இரவு லூகாஸ் தூங்கிய பிறகு வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு தடவை அசைந்தது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் போல இருக்கிறது.

செவ்வரத்தை என்று அம்மா சொல்வாளே, அந்தச் செம்பருத்தியில் கடைசியாக ஒரு கிளை உயிரோடு இருக்கிறது. அதுவும் போனால் நான் என்ன செய்வேன்? எனக்காக வேண்டிக்கொள்.

மேகி


கேமரன் மலை
29 மார்ச் 2025

மேகி,

அந்தத் தோங்கில் இருக்கிற தண்ணீரைத் தொடாதே. குடிக்காதே, குளிக்காதே, அதில் அரிசிகூடக் கழுவாதே. அது மருந்து வந்த தோங். சவர்க்காரத்துக்கு அது போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. உன் செடிகளைக் கொன்றது உன் கை இல்லை. நீ எட்டு வருஷம் லாலாங்குக்கு அடித்த அதே சாமான்தான் கொன்றது. அந்த வாடை உனக்குப் பழகிப்போனதால் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றாத காகிதப்பூ பிழைத்ததே, அதைப் பார்.

இன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன தண்ணீர் குடித்தாய் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல். பிள்ளை அசையவில்லை என்பதையும் சொல்.

லூகாசுடைய பழைய நம்பர் சேவையில் இல்லை. மதர் தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டார், அங்கே கணக்கு எழுதுகிற கிராணி ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினாரோ இல்லையோ என்று இதையும் எழுதி, மறுநாளே சேருகிற போஸ்ட் லாஜுவில் போடச் சொல்கிறேன்.

ரோசரி


கிள்ளான்
22 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவருக்குத் தோத்திரம். ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். நான் சுகம்.

கிராணி சிவானந்தம் ஆள் அனுப்பவில்லை, அவரே காரில் வந்தார். தோங்கைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. காலால் எட்டி உதைத்துச் சாய்த்தார். லூகாசைப் பார்த்து, "இத யாருடா வீட்டுக்குத் தூக்கிட்டு வரச் சொன்னது? ஓட்ட போட்டுப் பொதைக்கிற தோங்குடா இது" என்று கத்தினார். கிராணி காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரம் படுக்க வைத்தார்கள். பிறகு வலி வந்துவிட்டது. பெண் பிள்ளை. ஒரு கிலோ நானூறு. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயோடு கிடக்கிறாள். என் கை அவள் முதுகைவிடப் பெரிது. பிறந்த அன்றே நீலமாகிவிட்டாள். சாமியார் வரும்வரை தாங்குவாளோ என்று, லூகாசையே ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னோம். மிஸ்ஸி சின்னப் போத்தலில் தண்ணீர் கொடுத்தார். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ்ஸி, இது நல்ல தண்ணிதானே? நல்ல தண்ணிதானே?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். ஊற்ற முடியவில்லை. கடைசியில் மிஸ்ஸிதான் அவர் கையைப் பிடித்து ஊற்ற வைத்தார். பெயர் பிலோமினா, நம் அம்மா பெயர்.

டாக்டர், "தண்ணியாலதான்னு என்னால சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். லூகாஸ் வார்டுக்குள் வருவதில்லை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நீ பிள்ளையைக் காப்பாற்றினாய் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மார்ச் முதல் தேதி எழுதினேனே, அந்தக் கடிதம் உனக்கு எப்போது வந்தது?

மேகி


கேமரன் மலை
30 ஏப்ரல் 2025

அன்புள்ள மேகிக்கு,

பிலோமினாவின் பெயரைச் சொல்லி ஒவ்வொரு மணி ஜெபத்திலும் அழுகிறேன். நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். உள்ளதை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் திருநீற்றுப் புதன் அன்று வந்தது. சனிக்கிழமைகளில் மதர் அறையைக் கூட்டுவது என் வேலை. தட்டில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். பிரிக்காமல் காத்திருப்பதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். இரண்டாவது கவர் வந்தபோது அதைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பத் தட்டில் வைத்தேன். நீ தவக்காலத்தில் எழுதுகிறவள் இல்லை. அதைச் சோதனை என்று நினைத்து, ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமைதான் தாங்க முடியாமல் மதர் முன்னால் முழங்காலிட்டுச் சலுகை கேட்டேன்.

மதர் உடனே எடுத்துக் கொடுத்தார். "ரோசரி, கேட்டிருந்தா மொத நாளே குடுத்திருப்பேனே" என்றார்.

நான் கேட்காததால்தான் அது தட்டிலேயே கிடந்தது, மேகி. ஒழுங்கு என்னைத் தடுக்கவில்லை. என் கர்வம்தான் தடுத்தது. நீ அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் நான் அந்தக் கவரைச் சுற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். லூகாசிடம் இதைச் சொல். அவர் தெரியாமல் செய்தார். அவரை உள்ளே வரச் சொல்.

எனக்கு மன்னிப்பு எழுத வேண்டாம்.

ரோசரி


கிள்ளான்
14 மே 2025

அக்காவுக்கு,

பிலோமினா இரண்டு கிலோவைத் தொடப் போகிறாள். குழாயை எடுத்துவிட்டார்கள், தானாக மூச்சு விடுகிறாள். கண்ணும் காதும் எப்படியிருக்கும் என்று போகப் போகத்தான் தெரியுமாம். மூச்சுச் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு உயிர் போய்விடுகிறது. எழுந்து எழுந்து பெட்டி மேல் காதை வைக்கிறேன்.

உன் கடிதத்தை லூகாசுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

உன்மேல் கோபம் வந்தது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம், பிள்ளையைப் பார்த்துக்கொண்டதால் அல்ல. இன்னமும் கொஞ்சம் இருக்கிறது. பெரியதை எல்லாம் என்னால் எழுத முடியாது. ஒன்றுதான் கேட்கிறேன்.

இனிமேல் என் கையெழுத்தில் கவர் வந்தால் பிரி. திருவருகைக் காலமானாலும் பிரி, தவக்காலமானாலும் பிரி. உள்ளே செடியைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இருந்தாலும் பிரி, அக்கா.

மேகி